தொடக்கக் கோட்டின் நீதி

பனிப்பொழிவையே கண்டிராத லிங்கநகரில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றி நாம் எழுதப் புகுவது சில வாசகர்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உட்துறைமுகத்து உப்புக்காற்றும், ஆனி ஆடியில் தகிக்கும் வெயிலும், கார்த்திகை மார்கழியின் அடைமழையுமே எமது பருவங்கள். பனி என்று நாம் சொல்வது விடிகாலைப் புல்லில் படியும் ஈரத்துக்கு மேற்பட்டதன்று. ஆயினும் எமது கேள்வி பனியைப் பற்றியதன்று, பிள்ளைகளைப் பற்றியது. வெல்வதற்கென்று ஒரு பிள்ளையைப் பழக்கும் உரிமை பெரியவர்க்கு எங்கிருந்து வந்தது? அந்த உரிமைக்கு எல்லை உண்டா? இக்கேள்விக்கு வெண்பனிச் சரிவைவிடத் தெளிவான உதாரணம் வேறு எங்கும் எமக்குக் கிடைக்கவில்லை.

கேள்வியை எழுப்பியவன் பத்தாந் தர மாணவன் ஒருவன். 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் பீஜிங் நகரிற் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. இந்தியாவின் சார்பில் அங்கே சென்றவர் காஷ்மீரத்துக் குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிப் கான் ஒருவரே. கொடி பிடித்தவரும் அவரே, போட்டியிட்டவரும் அவரே. ஜயண்ட் ஸ்லாலம் என்னும் பந்தயத்தில் நாற்பத்தைந்தாம் இடம் பெற்றார். ஸ்லாலம் பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. இச்செய்தியைப் பத்திரிகையிற் படித்துவிட்டு அம்மாணவன், "நாப்பத்தஞ்சாவதா வந்தவரை ஏன் சேர் இவ்வளவு கொண்டாடுறாங்க? எங்கட வலயப் போட்டியில நாலாவதா வந்தாலே பேரைச் சொல்ல மாட்டாங்களே?" என்றான்.

அன்று நாம் அவனுக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆசிரியத் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம். விடை தெரியாத கேள்விக்கு அறிவுரையைக் கொடுத்து அனுப்புகிறோம். பிறகு அந்த நாற்பத்தைந்தாம் இடத்தின் பின்னே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தபோதுதான் அவன் கேட்டது எத்துணைப் பெரிய கேள்வி என்பது விளங்கிற்று.

குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். அங்கிருந்து அபர்வாத் மலைக்குக் கம்பிவடத் தொட்டி ஏறுகிறது. ஆரிப் கானின் தகப்பனார் அங்கே சறுக்குக் கருவிகள் வைத்திருந்த ஒரு கடைக்காரர். மகன் நான்கு வயதிற் பலகையேறியவர். பனி வாசலில் இருந்தது. பலகை கடையில் இருந்தது. ஆர்வம் உடம்பில் இருந்தது. இவ்வளவு இருந்தும் 2018ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற முயன்ற காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்று பயில்வதற்குப் பணமின்றிப் பொதுமக்களிடம் நிதி கேட்க நேர்ந்தது. திரண்டது போதவில்லை, வாய்ப்புத் தவறிற்று. நான்கு ஆண்டுகளின் பின், 2021இன் இறுதியில், ஸ்லாலத்துக்கான தகுதியை அவர் பெற்ற இடம் எது தெரியுமா? டுபாய். பாலைவனத்தில், ஒரு பெருங்கடைத் தொகுதியின் கூரைக்குக் கீழே, இயந்திரங் கொண்டு குளிரூட்டிச் செய்த பனிச்சரிவு. இமயத்தில் பிறந்த பிள்ளை தன் தகுதியை நிரூபிக்கப் பாலைவனத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று! மற்றப் பந்தயத்துக்கான தகுதியை மொன்டெனேக்ரோ நாட்டிற் பெற்றார்.

ஏன் இப்படி? குல்மார்க்கிலேயே ஓடி வென்றால் ஆகாதா? ஆகாது. அந்த 'ஆகாது' என்பதிலேதான் எமது விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாசகர் சற்றுப் பொறுமையுடன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம்.

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் ஒவ்வொரு பந்தயக்காரருக்கும் புள்ளி கணிக்கிறது. புள்ளி குறையக் குறையச் சிறப்பு. வென்றவரின் நேரத்தோடு ஒப்பிட ஒருவர் எவ்வளவு பிந்தினார் என்னும் பின்னத்தை ஒரு நிலையான எண்ணாற் பெருக்குவார்கள்; ஸ்லாலத்துக்கு அவ்வெண் 730. வென்றவர் 50 விநாடியில் இறங்க, மற்றொருவர் 51 விநாடியில் இறங்கினால், பிந்தியவருக்கு 14.6 புள்ளி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிகாரம் பட்டதைச் சொல்கிறது. ஆனால் இதன்மேல் இன்னொரு தொகையைக் கூட்டுகிறார்கள். அது தண்டம் போன்றது. அன்று அந்தப் பந்தயத்தில் முன்னணியில் வந்தவர்கள் ஏற்கெனவே உலகப் பட்டியலில் எத்தகையவர் என்பதைக் கொண்டு அத்தண்டம் அமைகிறது. பெயர்பெற்ற வீரர் பலர் வந்து ஓடிய பந்தயத்தில் தண்டம் சிறிது. பெயரில்லாதவர் மட்டும் ஓடிய பந்தயத்தில் தண்டம் பெரிது. எனவே தன் ஊர்ப் பந்தயத்தில் எல்லாரையும் பின்தள்ளி வென்ற சிறுவனுக்கும் பெரிய புள்ளியே எஞ்சுகிறது. அவன் எவ்வளவு வேகமாக இறங்கினான் என்பது மட்டும் போதாது. யார் பக்கத்தில் இறங்கினான் என்பதும் வேண்டும். பெரியவர்கள் அவனிடம் வரமாட்டார்கள். அவன்தான் அவர்களிடம் போகவேண்டும். போவதற்கு விமானச் சீட்டு வேண்டும், பயிற்றுநர் வேண்டும், ஒன்றுக்கு இரண்டு சோடி பலகை வேண்டும், மாதக்கணக்காக வேலை செய்யாமல் உண்ண வழி வேண்டும்.

இதை வகுத்தவர்கள் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. வெவ்வேறு மலைகளில் ஓடியவர்களை ஒப்பிட ஏதாவதொரு முறை வேண்டுமன்றோ? முறை அறிவுக்குப் பொருந்தியதே. அறிவுக்குப் பொருந்திய முறையொன்று அநீதியை எவ்வளவு ஓசையின்றி நடத்திச் செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எமக்கு இதுவே மிக ஆழமாகப் பட்டது. பந்தயத்தில் எல்லாரும் ஒருங்கே புறப்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக இறங்குவர். நல்ல புள்ளி உடையவர்கள் முன்னே, மற்றவர்கள் பின்னே. முதலில் இறங்குபவருக்கு வழுவழுப்பான புதுத்தடம் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது பலகையின் விளிம்பு பனியைக் கீறுகிறது. இருபது பேர் இறங்கியபின் அவ்விடம் குழியாகிறது; ஐம்பது பேர் இறங்கியபின் வாய்க்காலாகிறது. ஐம்பத்தோராவது பிள்ளை அந்த வாய்க்காலுக்குள்ளே இறங்கித் தன் நேரத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த நேரம் மோசமாக இருந்தால் அவனுடைய புள்ளி குறைவதில்லை. புள்ளி குறையாவிட்டால் அடுத்த முறையும் அவன் ஐம்பத்தோராவதாகவே நிற்பான். கடிகாரம் அவனுக்கும் முதல்வனுக்கும் ஒன்றே. கோடும் ஒன்றே. தடம் ஒன்றன்று.

விதியை எழுதியவர்கள் இதை அறியாதவர்களா? நன்றாக அறிந்தவர்கள். ஆகவேதான் ஸ்லாலத்தின் இரண்டாம் ஓட்டத்தில் முதல் முப்பது பேரைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். முப்பதாவதாக வந்தவர் முதலில் இறங்குவார், முதலாவதாக வந்தவர் முப்பதாவதாக இறங்குவார். இவ்விதியைப் படித்தபோது நாம் சிறிது நேரம் வியந்து நின்றோம். புதுத்தடத்தின் பயன் ஒருவருக்கே போய்ச் சேரக்கூடாது என்ற நீதியுணர்வு அங்கே உயிருடன் இருக்கிறது. ஆனால் அந்த நீதி முப்பதாம் ஆளோடு நின்றுவிடுகிறது. முப்பத்தோராம் ஆள் இரண்டாம் ஓட்டத்திலும் பின்னாலேயே நிற்கிறான். சமுதாயம் வழங்கும் சலுகைகள் பலவற்றிலும் நாம் காண்பது இந்த முப்பதாம் எல்லையைத்தான்.

இவ்விடத்தில் எமது நண்பர் ஒருவரின் வாதத்தைக் கூறவேண்டும். அவர் சக ஆசிரியர். எம்மைக் காட்டிலும் கண்டிப்பான கொள்கையுடையவர். "போட்டி என்பதே இந்தச் சமுதாய அமைப்பின் பயிற்சிக்கூடம். ஒருவனை வெல்லவைத்து ஒன்பது பேரைத் தோற்கப் பழக்குவது. பிள்ளைகளிடமிருந்து அதை அடியோடு எடுத்துவிட வேண்டும்" என்பது அவர் கட்சி. கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் இதை ஒப்புக்கொள்ள இயலவில்லை.

ஏனெனில், போட்டியை வெறுக்கும் இன்பம் பெரும்பாலும் வேறு வழிகளில் மதிப்புப் பெற்றவர்களுக்கே வாய்க்கிறது. தகப்பன் பெயரால் அறியப்படுகிற பிள்ளைக்கு ஓட்டத்தில் வென்று பெயர் வாங்கத் தேவையில்லை. மீன்வாடியிலிருந்து வரும் பிள்ளைக்கு, கூலிக்காரியின் பிள்ளைக்கு, ஊரில் எவரும் முழுப்பெயர் சொல்லி அழைத்திராத பிள்ளைக்கு, கடிகாரம் பெரிய நண்பன். அது சாதி கேட்பதில்லை. வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறதா ஓலை போட்டிருக்கிறதா என்று கேட்பதில்லை. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றபோது, குறுக்குக் கம்பம் அவரிடம் அவர் எந்த மொழி பேசுகிறவர் என்று கேட்கவில்லை. இலங்கையில் அந்த ஆண்டு மே மாதத்திலேதான் தமிழர்மீது வன்செயல் நடந்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அக்கம்பத்தின் நடுநிலைமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது புலனாகும். ஆகவே அளக்கப்பட வேண்டும் என்று ஒரு பிள்ளை விரும்புவதைக் கேலி செய்ய எமக்கு உரிமையில்லை. இமாசலப் பிரதேசத்து மணாலியைச் சார்ந்த ஆஞ்சல் தாக்கூர் 2018இல் துருக்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அது. அந்த மகிழ்ச்சியைப் போலியென்று சொல்லத் துணிபவர் முதலில் ஒரு சரிவில் இறங்கிப் பார்க்கட்டும்.

எனவே எமது வழக்குக் கடிகாரத்தோடு அன்று. கடிகாரத்தின் முன் பிள்ளையைக் கொண்டு நிறுத்துகிற கைகளோடுதான். அந்தக் கைகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஓர் உதாரணம்: 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது இந்திய வீரர் மூவரும் தம் நாட்டுக் கொடியின்கீழ் அணிவகுக்க முடியவில்லை. நிருவாகிகளின் தேர்தலில் நேர்ந்த முறைகேடு காரணமாக இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பெரியவர்களின் நாற்காலிச் சண்டைக்குப் பனியிற் பாடுபட்டவர்கள் தண்டம் கட்டினார்கள். இடைநிறுத்தம் நடுவில் நீங்கியது உண்மை. தொடக்க விழா திரும்பி வருவதில்லை.

சில கைகள் இதைவிடக் கொடியவை. பீஜிங் விழாவிலேயே பனிக்கட்டி நடனத்தில் ரஷ்யச் சிறுமி ஒருத்தி, பதினைந்தே வயதினள், தடைசெய்யப்பட்ட மருந்து உடம்பில் இருந்ததாகக் கண்டறியப்பட்ட நிலையிலேயே உலகமெல்லாம் பார்த்திருக்க ஆடி, விழுந்து, அழுதாள். மருந்தை அவளாகத் தேடிப் போய் உண்டாளா என்று கேட்கும் அளவுக்கேனும் எம்மிடம் அறிவு இருக்க வேண்டும். பின்னர் நான்காண்டுத் தடை விழுந்தது அவள்மீது. அதே 2022இல் அப்போட்டிக்குரிய குறைந்த வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்தத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளை உடைந்தபின் எழுதப்பட்ட விதி.

உடையுமுன் எழுதப்பட்ட விதியும் உண்டு. அது நோர்வேயில் உள்ளது. பனிச்சறுக்கைத் தாய்ப்பாலோடு ஊட்டுகிறவர்கள் என்று சொல்லத்தக்க அந்நாட்டவர், பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று 1987இல் விதிகள் வகுத்து, 2007இல் அவற்றைப் பிள்ளைகளின் உரிமைகளாகவே எழுதிவைத்தனர். ஆறு வயதில் தன் ஊர்ப் போட்டியில் ஓடலாம். ஒன்பது வயதாகும் ஆண்டில்தான் பிராந்தியப் போட்டிக்குப் போகலாம். பதினொரு வயதாகும் ஆண்டுவரை யார் முதல், யார் கடை என்ற பட்டியலை வெளியிடக்கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசிய வெற்றிக்கிண்ணப் பேச்சே கூடாது. சிறு பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு வேண்டும் என்பதில் பிள்ளைக்கும் சொல் உண்டு. இந்த மென்மையினால் அவர்கள் தளர்ந்து போனார்களா? 2018இல் 39 பதக்கம். 2022இல் 16 தங்கத்தோடு 37 பதக்கம். இரு முறையும் உலகில் முதலிடம். அந்நாட்டின் சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் அளவில். எமது நாட்டின் சனத்தொகையில் நாலிலொரு பங்கு.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். பதக்கம் கிடைத்ததால் விதி சரி என்று நாம் வாதிட்டால் நாமும் பழைய குழியிலேயே விழுகிறோம். எண்ணெய்ச் செல்வமும் வீட்டு வாசலிற் பனியும் உள்ள நாட்டின் பதக்கங்களுக்குக் காரணங்கள் பல. ஒரு பதக்கமும் கிடைக்காமற் போயிருந்தாலும் அந்த விதி சரியான விதியே. பத்து வயதுப் பிள்ளை இன்னும் எவருமாக ஆகவில்லை. ஆகாத ஒன்றை வரிசைப்படுத்துவது பொய் சொல்வதாகும்.

எமது நாட்டில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதை ஆசிரிய வாசகருக்கு விளக்கவும் வேண்டுமா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்த வாரத்தில் எந்தச் சந்தியிலும் நின்று பாருங்கள். பிள்ளையின் படம், பெயர், புள்ளி, பாடசாலை, இவற்றோடு அருகில் தனியார் வகுப்பு நடத்துபவரின் படம். படம் வராத பிள்ளைகள் அதே சந்தியைக் கடந்துதான் பாடசாலைக்கு வருகின்றனர். பனிச்சரிவில் செய்யக்கூடாதென்று ஒரு நாடு சட்டம் எழுதியதை நாம் நடுவீதியிற் கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம்.

பிறரைக் குறை கூறியது போதும். எம்மைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது கற்பித்த ஒரு பாடசாலையில், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓர் இல்லத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தோம். எட்டாந் தரத்துப் பிள்ளை ஒருத்தி, வெறுங்காலால் ஓடுவாள், அவளுக்கு முன்னால் ஓட எவருமில்லை. காலையில் நூறு மீற்றரும் நீளம் பாய்தலும் வென்றாள். பாய்தலின் பின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அஞ்சலோட்டம் மிச்சமிருந்தது. எமது இல்லம் எட்டுப் புள்ளியால் பின்தங்கியிருந்தது. நாம் அருகிற் போய், "இன்னும் ஒரு ஓட்டந்தானே, பிள்ளை" என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கோட்டில் நின்றாள். ஓடினாள். இல்லம் வென்றது. கிண்ணத்தை வாங்கும்போது எமக்குக் கைதட்டினார்கள். வலயப் போட்டிக்கான பயிற்சிக்கு அவள் வரவில்லை. பிறகு எந்த ஓட்டத்துக்கும் வரவில்லை. கால் சில வாரங்களிற் சரியாகிவிட்டது என்று தாய் சொன்னார். கால் மட்டுந்தான் சரியாகியது என்பது எமக்கு விளங்கிற்று.

அன்று நாம் அவளிடம் கேட்கவில்லை என்பதே குற்றம். "ஓடுகிறாயா?" என்பது கேள்வி. "ஒரு ஓட்டந்தானே" என்பது கட்டளை. அன்பின் உடையை அணிந்த கட்டளை. அவள் மறுக்கமாட்டாள் என்று நாம் அறிந்தே சொன்னோம். நல்ல பிள்ளைகள் மறுப்பதில்லை. அந்த நல்ல குணத்தைச் செலவழித்து நாம் கிண்ணம் வாங்கினோம்.

1998இல் நாகானோ ஒலிம்பிக்கில், கென்யாவைச் சேர்ந்த பிலிப் பொய்ற் பத்துக் கிலோமீற்றர் பனிச்சறுக்கோட்டத்தில் தொண்ணூற்றிரண்டாவதாக, எல்லாருக்கும் கடைசியாக, வந்து சேர்ந்தார். வென்ற நோர்வே வீரர் பியோன் டேலி கோட்டில் நெடுநேரம் காத்து நின்று அவரைக் கட்டித் தழுவினார். உலகம் கண் கலங்கிற்று, எமக்கும் கலங்குகிறது. ஆனால் ஓட்டக்காரரான பொய்ற்றைப் பனிக்குக் கொண்டுவந்தது சப்பாத்து விற்கும் பெருநிறுவனமொன்றின் பணம் என்பதையும் மறக்கலாகாது. அந்தத் தழுவல் உண்மை. அந்தப் பணத்தின் நோக்கமும் உண்மை. பொய்ற் ஓடவேண்டுமென்று தாமே விரும்பினார், வளர்ந்த மனிதராக விரும்பினார் என்பதே அவரையும் எமது எட்டாந் தரப் பிள்ளையையும் வேறுபடுத்துவது.

இவ்வளவையும் பார்த்தபின் அந்த மாணவனைக் கூப்பிட்டு, நாற்பத்தைந்தாம் இடத்தின் கதையைச் சொன்னோம். புள்ளிக் கணக்கைச் சொன்னோம். பின்னால் இறங்குபவனுக்குத் தடம் குழிந்திருக்கும் என்றதும் அவன் சிரித்துவிட்டான். "அது எங்களுக்குத் தெரியுந்தானே சேர்" என்றான். எமக்குத் தெரியவில்லை. அவன் விளக்கினான். எமது மைதானத்தில் பெரிய வகுப்பினரின் ஓட்டங்கள் முதலில் நடக்கும்; அதிதிகள் காலையிற்றான் இருப்பார்கள் என்பதற்காக அப்படியொரு வழக்கம். சின்னப் பிள்ளைகளின் முறை வரும்போது உச்சி வெயில்; மணல் கிளறுண்டு கிடக்கும்; சுண்ணாம்புக் கோடுகள் அழிந்திருக்கும்; எது தன் பாதை என்று தெரியாமல் பக்கத்துப் பாதைக்குள் ஓடிய பிள்ளைகள் நீக்கப்படுவார்கள். இரண்டாந் தரத்தில் அவனும் அப்படி நீக்கப்பட்டவனாம். எட்டு ஆண்டு கழித்தும் அதை அவன் மறக்கவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் நாம் இரண்டு பிரேரணைகள் கொண்டுவந்தோம். பதினொரு வயதுக்குட்பட்டோரின் ஓட்டங்களில் இடங்களை அறிவிக்க வேண்டாம் என்பது ஒன்று. அது தோற்றது, பெற்றோர் கேட்பார்கள் என்றார்கள். போட்டியை அடியோடு எதிர்க்கும் எமது நண்பரும், அரைகுறைச் சீர்திருத்தம் வேண்டாமென்று, அதற்கு எதிராகவே கை தூக்கினார். மற்றது ஓட்டங்களின் ஒழுங்கைத் தலைகீழாக்குவது. அதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. செலவில்லாத காரியம் என்பதனால் இருக்கலாம். இவ்வாண்டு காலை ஏழரை மணிக்கு, அதிதிகள் வருமுன், பந்தலிற் கதிரை போட்டு முடியுமுன், சுண்ணாம்பு வெள்ளையாய்க் கிடந்த கோடுகளுக்கு நடுவே இரண்டாந் தரப் பிள்ளைகள் முதலில் ஓடினார்கள்.